வித்தமீன் பீரோ

புதுச்சேரியில் வித்தமின் பீரோ திறந்த வருஷம் மழை காலாகாலத்தில் பெய்தது. வலையில் மீன் விழுந்தது. பெரிய மார்க்கெட்டில் கீரைக்கட்டு கேட்பாரற்றுக் கிடந்தது. ஜனங்கள் இரண்டு வேளையோ மூன்று வேளையோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட ஒரு நிலைமையைப் பிரெஞ்சு சர்க்கார் எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்?

சீமையில் விஞ்ஞானிகள் உணவைக் குடைந்து குடைந்து பார்த்து, உள்ளே வித்தமின் என்று ஒரு சத்து ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்ததோடு விடாமல் அதை வெளியே இழுத்து மாத்திரையாகவும் உருட்டிவிட்டார்கள். அப்படியானால் மிச்சமிருக்கும் சக்கைக்குப் பெயர்தானே சாப்பாடு? அதைப் போய் ஜனங்கள் ஏன் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்து ஆவன செய்வதற்காகத்தான் இந்தப் பீரோ.

பீரோ என்றால் பிரெஞ்சில் அலுவலகம், தமிழில் அலமாரி. இந்த இடத்தில் இரண்டு பாஷைக்கும் சண்டை வரவில்லை. அலுவலகம் முழுவதுமே ஒரு கண்ணாடிக் கதவு அலமாரிதான். அதற்குள் சீமையிலிருந்து வந்த மாத்திரைப் புட்டிகள் வரிசையாக நின்றன. அலமாரிக்கு முன்னால் தலைவர் தொக்தேர் யூஜின் தனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்தார். பிரான்சில் டாக்டருக்குப் படித்து, அந்த ஊர் உச்சரிப்பில் தொக்தேராகத் திரும்பி வந்த உள்ளூர்க்காரர். ஒல்லியான, வெளுத்த மனிதர். சித்திரை வெயிலிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றமாட்டார். பக்கத்தில் குமாஸ்தா ராமலிங்கம். தலைவர் சொல்வதை எழுதுவதும், வேண்டியபோது மொழிபெயர்ப்பதும் அவருக்கு வேலை.

அங்கே ஒரு காலையில் வந்து நின்றான் வைத்திலிங்கம்.

வைத்திலிங்கம் வைத்திக்குப்பத்து மீன்பிடிக்காரன். போன ஐப்பசிப் புயலில் அவன் கட்டுமரம் சிதறிப் போனது. அதிலிருந்து அவனுக்கும் இவனுக்கும் கூலிக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது துறைமுகத்தில் ஒரு நல்ல வேலை காலியாகியிருந்தது. கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் சலங்குப் படகு ஒன்றுக்குத் தண்டல், அதாவது படகின் தலைவன், வேண்டும். வைத்திலிங்கத்துக்கே அந்த வேலை என்று துறைமுகத்துத் துரை வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. மாசி மகத்துக்குள் வித்தமின் பீரோவிலிருந்து ஆரோக்கியத்துக்கு ஒரு செர்த்திபிக்கா, அதாவது அத்தாட்சிப் பத்திரம், கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்தவனுக்கு.

வைத்திலிங்கம் சந்தோஷமாக வந்தான். ஆரோக்கியம் ஒன்றுதான் அவனிடம் தாராளமாக இருந்த சொத்து.

தொக்தேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "உன் உடம்பில் வித்தமின் இருக்கிறதா?"

"இல்லீங்க தொர."

"கொஞ்சம்கூடவா இல்லை?"

"வித்த மீனு நம்மகிட்ட எப்படிங்க இருக்கும்? அதான் வித்தாச்சே! விக்காத மீனைத்தான் வூட்டுல ஆக்கித் திங்கறது."

தொக்தேர் ராமலிங்கத்தைப் பார்த்தார். ராமலிங்கம் எழுதினார்: 'தன்னிடம் வித்தமின் அறவே இல்லை என்று நோயாளி தானாகவே ஒப்புக்கொண்டான்.'

"கவலை உண்டா?"

வைத்திலிங்கத்தின் முகம் மலர்ந்தது. கவலை என்பது அந்தக் கரையோரத்தில் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும் ஒரு சின்ன மீனுக்குப் பெயர். தொக்தேர் தகர டப்பாவில் வரும் சீமை மீனைத் தவிர வேறு மீனைப் பார்த்தவரல்லர்.

"தெனமும் உண்டுங்க. காலையில கூழுக்கு வறுத்த கவலை, ராவுல கொழம்புல கவலை."

"வீட்டில் எல்லாருக்குமா?"

"எங்க குப்பத்துலயே கவலை இல்லாத வூடு கிடையாதுங்க. நேத்துக்கூட அக்கம்பக்கத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் குடுத்து அனுப்பினோம்."

தொக்தேருக்குக் கண் கலங்கிவிட்டது. ராமலிங்கம் கடலூர்ப் பக்கத்து ஆசாமி, கவலை மீனைத் தின்று வளர்ந்தவர். ஆனால் அவருக்குச் சம்பளம் எழுதுவதற்கு, திருத்துவதற்கு அல்ல. 'குப்பம் முழுவதும் மனச்சோர்வு, தொற்றும் தன்மை உடையது' என்று எழுதினார்.

அடுத்து பலப் பரீட்சை. நாற்காலியைத் தூக்கு என்றார் தொக்தேர். எந்த நாற்காலி என்று அவர் சொல்லவில்லை. வைத்திலிங்கம் ராமலிங்கம் உட்கார்ந்திருந்த நாற்காலியை, ராமலிங்கத்தோடும் மைக்கூட்டோடும் சேர்த்துத் தலைக்குமேல் தூக்கினான். ராமலிங்கம் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு, "மொசியே, இதை எப்படி எழுதறது?" என்றார்.

தொக்தேர் இறக்கிவைக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று பேசினார். அவர் முக்கியமானதை உட்கார்ந்து பேசும் வழக்கமில்லை.

"வைத்திலிங்கம், நீ பெரிய அபாயத்தில் இருக்கிறாய். உன் கண் தெளிவாக இருக்கிறது, பல் கெட்டியாக இருக்கிறது. ஆனால் நீ இதுவரை ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை. அப்படியானால் இந்த ஆரோக்கியம் எங்கிருந்து வந்தது? யார் கொடுத்தார்கள்? மீனிலும் கீரையிலும் சத்து இருப்பதை விஞ்ஞானம் மறுக்கவில்லை. ஆனால் அங்கே அது யாருடைய அனுமதியும் பெறாமல் இருக்கிறது! ஒரு கவளத்தில் எவ்வளவு என்று உன்னால் சொல்ல முடியுமா? முடியாது. என்னாலும் முடியாது. என்னால் அளக்க முடியாத ஒன்றை நீ தைரியமாகச் சாப்பிடுகிறாய். இது ஆரோக்கியமே அல்ல. ஒழுங்கீனம்!"

"செர்த்திபிக்கா குடுப்பீங்களா தொர?" என்றான் வைத்திலிங்கம்.

"குணமானவனுக்குத்தான் செர்த்திபிக்கா. நீ இன்னும் குணமாகவில்லை."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே!"

"அதைத்தான் குணப்படுத்த வேண்டும்" என்றார் தொக்தேர்.

அன்றே வைத்திலிங்கத்தைப் பீரோவின் பின்கட்டில் தங்கவைத்தார்கள். மீன், கீரை, கூழ், பழம் எல்லாம் தடை. இவற்றுக்குள் இருக்கும் சத்து, மாத்திரையின் சத்தோடு போட்டி போட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடுமாம். ஆகவே தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியைக் குழைய வேகவைத்து, கஞ்சியைக் கொட்டி, மறுபடி தண்ணீர் விட்டு வேகவைத்து, அதையும் கொட்டி, அடியில் தங்கியதைப் போட்டார்கள். காலையில் ஒரு துண்டு வெள்ளை ரொட்டி. தொக்தேரும் அதையேதான் சாப்பிட்டார். அந்த விஷயத்தில் அவர் நாணயமானவர்.

சாப்பாடு முடிந்ததும் மாத்திரைச் சடங்கு. வைத்திலிங்கம் குளித்து, தலை சீவி, அலமாரிக்கு முன்னால் நேராக நிற்க வேண்டும். ராமலிங்கம் கண்ணாடி வழியே முதல் புட்டியைச் சுட்டிக்காட்டி, அதன் எழுத்தைப் பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்வார்.

"ஆ!"

வைத்திலிங்கம் வாயைத் திறப்பான்.

"பே!"

பயந்து மூடிக்கொள்வான்.

"சே!"

"ஏங்க திட்டறீங்க? நான் ஒழுங்காத்தானே நிக்கறேன்?"

"திட்டலைப்பா. அது மூணாவது வித்தமின். முழுங்கு."

"என்னாத்த முழுங்கறது?"

நியாயமான கேள்விதான். அலமாரி பூட்டியே இருந்தது. பாரீஸிலிருந்து ஓர் இன்ஸ்பெக்தர் வந்து சரக்கைப் பார்வையிடப் போகிறார், அவர் வரும்போது புட்டி ஒன்று குறைந்தாலும் தலைவர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே மாத்திரையை யாருக்கும் கொடுப்பதற்கில்லை. தொக்தேர் இதை விளக்கினார்: "முதலில் விழுங்கும் ஒழுக்கம் வர வேண்டும். மாத்திரை பிறகு வரும். இராணுவத்தில்கூட முதலில் மரத்துப்பாக்கிதான் கொடுக்கிறார்கள்."

வைத்திலிங்கம் தினமும் இரண்டு வேளை நாலு எழுத்தை விழுங்கினான். நாலாவதான 'தே' மட்டும் தொண்டையில் நிற்பதுபோல இருந்தது என்று புகார் சொன்னான். அந்த எழுத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் அனுமதிக்கப்பட்டது.

மாதம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவன் தோள் இறங்கிற்று. ஈறில் ரத்தம் கசிந்தது. விளக்கு வைக்கும் நேரமானால் கண் மங்கி, தூணைப் பார்த்து "கும்புடறேன் தொர" என்பான். உண்மையான தொரையிடம் ஒருநாள் துண்டைக் காயப்போடப் பார்த்தான். தொக்தேருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"வைத்திலிங்கம்! இப்போதுதான் உனக்கு உடம்பு சரியில்லை. வாழ்த்துகள்! இனி உன்னைத் தடையில்லாமல் குணப்படுத்தலாம்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கை குலுங்கியபோது வைத்திலிங்கம் முழுவதும் குலுங்கினான். போட்டோப் பிடிப்பவரை வரவழைத்து, 'சிகிச்சைக்கு முன்' என்று ஒரு படமும் எடுத்தாயிற்று.

படம் காய்வதற்குள் தந்தி வந்துவிட்டது. இன்ஸ்பெக்தர் கொழும்பு வந்து சேர்ந்துவிட்டார். மாசி மகத்துக்கு முன்னால் புதுச்சேரிக்கு வருகிறார். மாத்திரையால் குணமான ஒரு மனிதனை நேரில் பார்க்க விரும்புகிறார்.

தொக்தேர் வியர்த்துப் போய், தமது அதிகாரத்தையெல்லாம் திரட்டி, அலமாரியைத் திறக்க உத்தரவிட்டார். உப்புப் பூத்து, உள்ளே இருப்பது தெரியாமல் மங்கிப்போயிருந்த கண்ணாடிக் கதவைத் திறந்தார்கள். வங்காள விரிகுடாவின் உப்புக்காற்று அவர்களுக்கு முன்பே உள்ளே போய் வந்திருந்தது. தக்கை சரியாக மூடாத புட்டிகளில் மாத்திரைகள் கசிந்து, உருகி, வழிந்து, தட்டெல்லாம் ஒட்டி, கடைசியில் நாலு எழுத்தும் ஒன்றாகி ஒரு பெரிய மஞ்சள் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி எறும்பு வரிசை. அந்தப் பீரோ திறந்த நாள் முதல் ஒழுங்காக வித்தமின் உட்கொண்டவை அந்த எறும்புகள் மட்டுமே.

இந்தச் சமயத்தில்தான் பூவாயி வந்தாள். பூவாயி வைத்திலிங்கத்தின் மனைவி. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஒவ்வொரு நாளும் வியாபாரம் முடிந்து கூடையோடு வாசலுக்கு வருவாள். மீன் வாசனையே மருத்துவத்துக்கு இடையூறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு வாசலில் தடுக்க யாருக்கும் தெம்பில்லை. நேரே உள்ளே வந்து புருஷனைப் பார்த்தாள். ஒரு கணம் யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டு, மறுபடி திரும்பி வந்தாள்.

"ஐயோ, இதென்னாய்யா, கருவாடாட்டம் ஆயிட்டே!" என்றவள் தொக்தேர் பக்கம் திரும்பினாள். "ஏன் தொர, ஆளை எப்படி அனுப்பினேன், எப்படிப் பண்ணி வெச்சிருக்கிறீங்க? பாறை மாதிரி வந்தவனாச்சே! மீனைக் காய வெச்சாலாவது ஒரு வெலைக்குப் போவும். இதை நான் எங்க கொண்டுபோய் விப்பேன்?"

"அம்மா, இது விஞ்ஞானம்" என்றார் தொக்தேர். குரலில் வழக்கமான உரம் இல்லை.

"இருக்கட்டும். அது எப்ப சோறு போடும்?"

"பூவாயி," என்றான் வைத்திலிங்கம் தூணைப் பார்த்து, "கோவிச்சுக்காதே. செர்த்திபிக்கா வாங்கிட்டு வந்துடறேன். இல்லாட்டித் தண்டல் வேலை போயிரும்."

பூவாயிக்கு அழுகை வந்தது. அதைக் கோபமாக்கிக்கொண்டாள். "மாசி மவம் வர்றதுக்குள்ள ஆளை நிமித்திக் காட்டறேன். என் கையால ஆக்கிப் போட வுடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"உணவா? இந்தக் கட்டடத்துக்குள் உணவு அனுமதிக்கப்படாது!"

ராமலிங்கம் மெல்லக் கனைத்தார். "மொசியே, மருந்துன்னு எழுதிக்கலாம்."

தொக்தேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் எதையும் அனுமதிக்கவில்லை. எதையும் பார்க்கவும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து பூவாயி சட்டியும் பானையுமாக வந்தாள். கவலைக் குழம்பு 'செந்நிறக் கஷாயம்' என்று எழுதப்பட்டது. முருங்கைக்கீரைப் பொரியல் 'பச்சைச் சூரணம்'. சுறாப்புட்டு 'உதிர்மருந்து'. கேழ்வரகுக் கூழை 'கருந்திரவம், குலுக்கிவிட்டுக் குடிக்கவும்' என்று எழுதினார் ராமலிங்கம். நெல்லிக்காயைப் பார்த்ததும் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது: 'இயற்கையாகவே உருண்டு வந்த மாத்திரை.'

நோயாளிக்குக் கொடுக்குமுன் மருந்தைத் தலைவர் பரிசோதிக்க வேண்டுமல்லவா? தொக்தேர் முதல் நாள் ஒரு கரண்டி பரிசோதித்தார். மறுநாள் ஒரு கிண்ணம். அதற்கு மறுநாள், "நேற்றைய பரிசோதனை முடிவு தெளிவாக இல்லை" என்று சொல்லி, இலை போட்டு உட்கார்ந்தார். பூவாயி அதற்கும் சேர்த்தே ஆக்கிக்கொண்டு வந்தாள். தொக்தேரின் கன்னத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது. ஒருநாள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ராமலிங்கம் அவருக்குக் கைகள் இருப்பதை அன்றுதான் கவனித்தார்.

வைத்திலிங்கம் சீக்கிரமே எழுந்து உட்கார்ந்தான், எழுந்து நின்றான், விளக்கு வைத்தபிறகும் தூணை விட்டுவிட்டு ஆளைக் கும்பிட்டான். பூவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, முழி வந்துருச்சு" என்றாள்.

இன்ஸ்பெக்தர் வந்தார். குண்டான, அவசரக்காரர். வாத்தியம் முழங்கிற்று, கொடி ஏறிற்று. தொக்தேர் பிரெஞ்சில் பேசினார்.

"மொசியே! இந்த மனிதன் இங்கே வந்தபோது பூரண ஆரோக்கியத்தோடு இருந்தான். அந்த நிலையிலிருந்து அவனை மீட்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரவும் பகலும் உழைத்து அவனை நோயாளியாக்கினோம். பல பீரோக்கள் அதோடு நிறுத்திக்கொள்ளும். நாங்கள் நிறுத்தவில்லை. அவனைத் திரும்பவும் பழைய நிலைக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். இதோ பாருங்கள். வந்தபடியே இருக்கிறான். ஆனால் இப்போது முறைப்படி இருக்கிறான்!"

இன்ஸ்பெக்தர் கைதட்டினார். அலமாரிக்குள் எட்டிப் பார்த்து, "இது என்ன உருண்டை?" என்றார்.

"நாலு வித்தமினும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் தாமாகவே ஒன்று சேர்ந்தன. குடியரசின் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக அப்படியே வைத்திருக்கிறோம்."

இன்ஸ்பெக்தர் தொப்பியைக் கழற்றி உருண்டைக்கு மரியாதை செய்தார். பிறகு வைத்திலிங்கத்தைப் பார்த்து, உன்னைக் குணப்படுத்தியது எது என்று கேட்டார். ராமலிங்கம் தமிழில் சொன்னார்.

வைத்திலிங்கத்துக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. அதற்குத் தேவை இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. "எல்லாம் பூவாயி கைமருந்துதாங்க" என்றான்.

 ராமலிங்கம் அதை அப்படியே மொழிபெயர்த்தார்: "தொக்தேர் பூவாயியின் சிகிச்சை என்கிறான்."

"தொக்தேர் பூவாயி? எங்கே பயிற்சி பெற்றவர்?"

"கிரான் மார்ஷேயில், மொசியே." பெரிய மார்க்கெட்டைத்தான் பிரெஞ்சில் சொன்னார்.

"ஓ! கேள்விப்பட்டிருக்கிறேன். மிகவும் கண்டிப்பான இடம்" என்று இன்ஸ்பெக்தர் தலையை ஆட்டினார்.

வைத்திலிங்கத்துக்குச் செர்த்திபிக்கா கிடைத்தது. தொக்தேருக்குப் பதக்கம் கிடைத்தது. இவ்வளவு திறமையாக நடக்கும் பீரோவுக்கு மாத்திரை போதாது என்று கருதிய இன்ஸ்பெக்தர், பெட்டி பெட்டியாக அனுப்பச் சொல்லிப் பாரீஸுக்குத் தந்தி கொடுத்துவிட்டுப் போனார்.

மாசி மகத்தன்று கடலாடிவிட்டு வைத்திலிங்கம் தண்டலானான். அவன் குரலுக்குத் துடுப்புகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. பூவாயி கரையில் நின்று, அவன் நிற்கும் தோரணையைப் பார்த்து, கூட மீன் விற்கும் அஞ்சம்மாளிடம், "கப்பலே இவருதுதான்ற மாதிரி நிக்கறாரு பாரு" என்றாள்.

சில மாதம் கழித்து மாத்திரைக் கப்பல் வந்து தூரத்தில் நங்கூரம் போட்டது. சலங்கில் பெட்டிகளை இறக்கினார்கள். இவ்வளவு பெரிய நிகழ்ச்சியைக் கரையில் நின்று பார்ப்பது தகாது என்று தொக்தேர் பதக்கத்தோடு படகிலேயே வந்திருந்தார். பெட்டிகள் கரையேறும் முன் அவற்றை வரவேற்று நாலு வார்த்தை பேச வேண்டும்.

"ஒக்காருங்க தொர, அலை ஒடையற எடம் வருது" என்றான் வைத்திலிங்கம்.

தொக்தேர் எழுந்து நின்றார். முக்கியமானதை அவர் உட்கார்ந்து பேசுவதில்லை. "புதுச்சேரியின் ஆரோக்கியமே, வருக!" என்று கைகளை விரித்தார்.

அலை வந்தது. படகு ஒருபக்கம் சாய்ந்தது. கயிறு அறுந்து பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடலில் சரிந்தன, அவற்றுக்குப் பின்னால் தொக்தேரும். துடுப்பை அடுத்தவன் கையில் திணித்துவிட்டு வைத்திலிங்கம் குதித்தான்.

"என்னை விடு! பெட்டியைப் பிடி!" என்று தண்ணீருக்கு மேலே வந்தபோதெல்லாம் தொக்தேர் கத்தினார்.

"பொட்டி நீந்தாது தொர, வாங்க!" என்று சொல்லி, அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்து, கழுத்தளவு அலையிலும் இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் போட்டான். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றினான். தொக்தேர் கண் விழித்து அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நன்றி போலத்தான் தொடங்கியது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டார்.

கடலுக்குள் பெட்டிகள் உடைந்து ஆயிரக்கணக்கான மாத்திரைகள் மிதந்தன. மீன்கள் கூட்டமாக வந்து கொத்திக்கொண்டு போயின. தொக்தேர் மணலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் பதவி கண்முன்னால் கரைந்துகொண்டிருந்தது. திடீரென்று எழுந்து, "ராமலிங்கம், எழுதும்!" என்றார்.

பாரீஸுக்குப் போன அறிக்கை இப்படி இருந்தது: 'இங்குள்ள ஜனங்கள் மாத்திரையை விழுங்கத் தயங்குவதால், மாத்திரைகள் அனைத்தும் இன்று காலை நேரடியாக மீன்களுக்கு வழங்கப்பட்டன. மீன்கள் மிக ஆர்வமாக ஒத்துழைத்தன. இனி ஜனங்கள் மீனைச் சாப்பிடுவதன் மூலம் வித்தமினைப் பெறலாம். உலகில் எந்தப் பீரோவும் இதுவரை செய்யாத ஏற்பாடு.'

பாரீஸ் மெச்சியது. பீரோவுக்கு இன்னொரு பீரோ கிடைத்தது. ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள்: இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், சர்க்கார் உத்தரவுப்படி இனிமேல் எல்லாரும் மீன் சாப்பிட வேண்டும். வைத்திக்குப்பத்து ஜனங்கள் இதுவரை தாங்கள் சாப்பிட்டது சட்டப்படி குற்றமோ என்று கொஞ்ச நாள் பயந்துபோயிருந்தார்கள்.

மறுவாரம் தொக்தேர் தாமே பெரிய மார்க்கெட்டுக்கு வந்து, பூவாயியின் கூடை முன்னால் நின்றார்.

"இந்த மீன் மாத்திரை சாப்பிட்டிருக்கிறதா?"

"சாப்புடாம இருக்குமா தொர? மொகத்தைப் பாருங்க, எவ்ளோ தெளிவா இருக்குது! இருங்க, சுத்தம் பண்ணிக் குடுக்கறேன்." பூவாயி அரிவாள்மனையை இழுத்தாள்.

"நிறுத்து! குடலை எடுக்காதே" என்று தொக்தேர் பதறினார். "அங்கேதான் வித்தமின் இருக்கிறது."

பூவாயி அவரைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். புருஷன் இரண்டு மாதம் எழுத்துகளை விழுங்கியதை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, மறுபேச்சுப் பேசாமல் குடலோடு அப்படியே இலையில் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"புளியைக் கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க தொர," என்றாள். "மருந்து கசக்கும்."